கலியமூர்த்தி மீட்டுக் கொடுத்த மூன்று பக்கங்கள்

கலியமூர்த்தி இறந்துவிட்டார். காலை ஆறரைக்கு போன் வந்தது...

வரிசை போடாமல் எழுதினால் எனக்கு ஏதாவது விட்டுப்போகும். ஆகவே:

1. அவர் யார்.
2. எல்லாம் ஒன்றாக உள்ள சாஃப்ட்வேரால் என் கம்ப்யூட்டர் முடங்கியது.
3. அன்று அவர் என் மேல் கோபமாக இருந்தது.
4. அந்தக் கோபத்திலும் அவர் செய்து முடித்தது.

நிலக்கரி மைன்ஸில் கன்வேயர் பெல்ட்டுக்கு எலக்ட்ரிக்கல் மெயின்டனன்ஸ் பார்த்தவர். நான் ஷிப்ட் ரெக்கார்ட் செக்ஷன். ரிட்டயர் ஆன பிறகு, டவுன்ஷிப்பில் யார் வீட்டுக் கம்ப்யூட்டர் நின்றாலும் பக்கத்து ஊரான வடக்குத்திலிருந்து அவர்தான் வருவார்.

நான் எதையும் ஒழுங்காக வைப்பவன் என்று பெயர். வைரஸ் தடுப்பு, குப்பை நீக்கம், போட்டோ, டாக்குமென்ட், பாஸ்வேர்டு, பேக்கப்... ஆறும் ஒரே சாஃப்ட்வேரில் கிடைத்ததும் மகிழ்ந்துபோய்ப் போட்டுவிட்டேன்.

"சார், இதுவும் நம்ம பெல்ட் மாதிரிதான். ஒண்ணு நின்னா பின்னாடி இருக்கிறது பூரா நிக்கும். தனித்தனியா வச்சிக்குங்க" என்றார்.

எல்லாம் ஓரிடத்தில் இருந்தால்தான் எனக்குத் தூக்கம் வரும் என்றேன்.

"நீங்க தூங்குங்க. அது முழிச்சிக்கினு இருக்கும்."

நான் கேட்கவில்லை. வீட்டிலிருந்த மருத்துவக் காகிதங்களை எல்லாம் ஸ்கேன் செய்து அதில் ஏற்றினேன். காகிதங்களைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டேன்.

இரண்டு வருடத்துக்கு முன், என் மனைவிக்குப் பித்தப்பை ஆபரேஷன். அதற்கு முதல் நாள் டாக்டர் கேட்டார்: போன ஆபரேஷனில் எந்த மருந்து இவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை? மூச்சுத் திணறியது நினைவிருந்தது. மருந்தின் பெயர் எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. பழைய டிஸ்சார்ஜ் பேப்பரில் இருந்தது.

மனைவியையும் அழைத்துக்கொண்டு வீட்டுக்கு விரைந்து வந்து சாஃப்ட்வேரைத் திறந்தேன். அப்டேட் ஆகியிருந்தது. பாஸ்வேர்டு பகுதி பழுது. அதனால் டாக்குமென்ட் திறக்கவில்லை, போட்டோ திறக்கவில்லை. பேக்கப்பும் அதற்குள்ளேயே பூட்டிக் கிடந்தது.

திரையில் ஒரே ஒரு பட்டன்: எல்லாவற்றையும் சரிசெய். அதன்மேல் விரலை வைத்துக்கொண்டு அவருக்கு போன் செய்தேன்.

"அமுக்கிட்டீங்களா?"

"இன்னும் இல்லை."

"கைய எடுங்க. பிளக்கைப் புடுங்குங்க. வந்துக்கினே இருக்கேன்."

வந்ததும் பிளக்கில் ஒரு சிவப்பு அட்டையைக் கட்டித் தொங்கவிட்டார். மைன்ஸில் ஒரு லைனில் வேலை செய்பவர் தன் பெயர் எழுதிய அட்டையை சுவிட்சில் மாட்டுவார். அவர் கழற்றும்வரை மேலதிகாரிகூடத் தொடக்கூடாது. "வீட்டுக்குள்ளயேவா?" என்று அந்த நிலையிலும் என் மனைவி சிரித்தாள்.

நான் முதலில் ஸ்கேன் செய்தபோது கம்ப்யூட்டரில் தனியாகச் சேர்ந்திருந்த ஃபைல்களை அதே சாஃப்ட்வேரின் குப்பை நீக்கும் பகுதி, இரட்டைப் பிரதி என்று சொல்லி அழித்திருந்தது. அழித்தாலும், அந்த இடத்தின் மேல் வேறு எதுவும் எழுதப்படாதவரை டிஸ்கில் கிடக்குமாம். விரலால் தடவித் தடவியே ஸ்க்ரூக்களைக் கழற்றினார். டிஸ்கை எடுத்துத் தன் லேப்டாப்பில் மாட்டினார்.

ஆயிரக்கணக்கில் ஃபைல்கள். பெயர் கிடையாது. வெறும் எண்கள்.

"படிங்க சார்."

"எதை?"

"சைஸை. ஒண்ணு வுடாம."

நான் படித்தேன். அவர் திரையைத் திரும்பியும் பார்க்கவில்லை. ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு, "போட்டோ... போட்டோ... அது பாட்டு... மேல போங்க" என்றபடி இருந்தார். சொன்ன பேச்சைக் கேட்காததற்குத் தண்டனை என்று எனக்குப் புரிந்தது.

ஒன்றரை மணி நேரம்.

"நில்லுங்க. இப்ப சொன்னது, அதுக்கு முந்தினது, அதுக்கும் முந்தினது. மூணும் கிட்டத்தட்ட ஒரே சைஸ். அந்தப் பேப்பர் மூணு பக்கமா?"

"ஆமாம்."

"தொறங்க."

மூன்றாம் பக்கத்தில் மருந்தின் பெயர் இருந்தது. நூற்றுக்கணக்கான எண்களைக் காதிலேயே வைத்திருந்திருக்கிறார்.

டாக்டர் அந்தப் பெயரைப் பார்த்து, எழுதியிருந்த மருந்தை மாற்றினார். என் மனைவி இப்போது அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டிருக்கிறாள்.

அதன்பின் அவர் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. கோபம் தீரவில்லை என்று நினைத்தேன். போன் செய்யவும் தயக்கம்...

இதுவரை எழுதி வைத்துவிட்டு வடக்குத்துக்குப் போய்வந்தேன். அவர் மனைவியிடம், கடைசிவரை என் மேல் வருத்தமாக இருந்தாரா என்று கேட்டேன்.

"கோவமா? அவருக்கா? சக்கரையில கண்ணு ரெண்டும் அப்பவே போயிடுச்சு சார். நெழலுதான் தெரியும். தெரிஞ்சா யாரும் மெஷின் குடுக்க மாட்டாங்கன்னு வெளிய சொல்லவே வுடல. அன்னிக்கு உங்க வூட்டு கேட்டு வரைக்கும் நான்தான் கையப் புடிச்சி இட்டாந்து வுட்டேன்."

வீட்டுக்கு வந்து, மேலே போட்ட வரிசையை மறுபடி பார்த்தேன்.

போய் வாருங்கள், கலியமூர்த்தி.

மூன்றாவது பாயின்ட் தவறு.