மூன்று முறை அதே முடி

தைவானின் ஜியாயி ஊரில் ச்சி மெய்-ஷுவாங்கின் எழுத்தைப் பார்க்காதவர் இல்லை. மெய்-ஷுவாங்கைத் தெரிந்தவர்தான் இல்லை. வெள்ளையடிக்கிற பிரஷ்ஷைக் கத்தரியால் கன்னாபின்னாவென்று வெட்டி, மையில் முக்கி, இரண்டு வருடத்தில் ஆறாயிரம் சீன எழுத்து இழுத்துக் கணினியில் ஏற்றியவள். ‘முரட்டுக்கை’ என்று அந்த எழுத்துருவுக்குப் பெயர் வைத்தாள். வான்கோழிச் சோற்றுக் கடைப் பலகை, மிளகாய்ச் சாந்து பாட்டில், திருவிழாச் சட்டை என்று எங்கும் அது உறுமியது. குழந்தை சோப்புக்கு ஒருவர் போட்டுப் பார்த்தார். குழந்தையை மிரட்டிக் குளிக்க வைப்பதுபோல இருந்தது.

வட்டத் தலைவர் தேர்தல் வந்தது. உழைத்துக் காய்த்த கை என்று காட்ட வேண்டுமே! பதவியில் இருந்த ஹோ ஜின்-டே முரட்டுக்கையை வாங்கினார். எதிர்த்து நின்ற மருந்துக்கடை பியன் ஷியூ-லியும் வாங்கினார். பதாகையைத் தன் கையாலேயே எழுதியதாக இருவரும் வீடுவீடாகச் சொன்னார்கள். பதாகைகள் எதிரெதிரே ஏறியதும், யார் கையை யார் திருடினார் என்று கோயில் வாசலில் கூட்டம் கூடிவிட்டது.

மெய்-ஷுவாங்கும் ஓடினாள். அவளுடைய கோடுகளுக்காக ஊரே அடித்துக்கொள்கிறது! காது சூடேறியது. அந்த வறண்ட இழுப்பு சந்தேகமில்லாமல் ஆண்பிள்ளைக் கை என்று ஒரு பெரியவர் தீர்ப்புச் சொன்னபோது அவளால் பொறுக்க முடியவில்லை.

“ரெண்டுமே என் கைதான்.”

சிரித்தார்கள். கிடைத்த ஒரு பிரஷ்ஷைக் கொடுத்து எழுதச் சொன்னார்கள். எழுதினாள், பதாகையோடு ஒட்டவே இல்லை. ஹோவுக்கு உயிர் வந்தது. “பரவால்ல அக்கா, பழகப் பழக வந்துடும்” என்று ஆறுதல் வேறு சொன்னார்.

அவருடைய பதாகையில் இருந்தது ‘வேலை, வேலை, மேலும் வேலை’. மெய்-ஷுவாங் அதன் அருகே போய் நின்றாள்.

“கையால எழுதினா ஒவ்வொரு தடவையும் மாறும். இதுல மூணு வேலையிலயும் அதே எடத்துல அதே முடி ஒட்டியிருக்கு, பாருங்க. என் பிரஷ்லேருந்து விழுந்து, எழுத்தோடயே கணினியில ஏறின முடி அது. ஒரே முடி மூணு தடவை விழுமா, தலைவரே?”

கூட்டமே பதாகையில் மூக்கை வைத்தது. ஷியூ-லி கைதட்டிச் சிரித்தார், தன் பதாகையின் ‘வேலை’யிலும் அந்த முடியை யாரோ கண்டுபிடிக்கும்வரை.

மறுநாள் காலை இருவரும் தனித்தனியாகப் போன் செய்தார்கள். ஹோ குழைந்தார்: “அக்கா, புதுசா அடிக்கணும். மூணுக்கும் வேற வேற முடி வெச்சுத் தர முடியுமா? அந்த மருந்துக்கடைக்குத் தெரிய வேணாம்.”

தருவதாகச் சொன்னாள். ஒரே நிபந்தனை: பதாகையின் அடியில் அவள் பெயர் வர வேண்டும், அதுவும் முரட்டுக்கையில். இருவரும் முனகிக்கொண்டே ஒத்துக்கொண்டார்கள்.

புதுப் பதாகைகள் ஏறிய அன்றே சந்தையில் காய்கறிக்காரி ஹோவை நிறுத்திக் கேட்டாளாம்: “ரெண்டு பதாகையிலயும் இருக்காளே ச்சி மெய்-ஷுவாங், அவளுக்கு எந்த நம்பர்ல குத்தணும்?”