அத்தைக்குப் பிடித்து வைத்த இடம்

போன சனிக்கிழமை காலை மகளுக்கு எண்ணெய் வைத்துத் தலை வாரிக்கொண்டிருந்தபோது போனில் ஒரு படம் வந்தது. ஒரு வகுப்பறை பெஞ்சு. அதன் மேல் நீலக் கட்டம் போட்ட கைக்குட்டை ஒன்று விரித்துக் கிடந்தது. ஆண்கள் வைத்துக்கொள்ளும் பெரிய கைக்குட்டை. துவைத்துத் துவைத்து நீலம் வெளுத்து, வெள்ளை பழுப்பாகியிருந்தது. ஒரு மூலையில் மட்டும் சின்ன முடிச்சு. படத்தோடு ஒரு வார்த்தைகூட இல்லை. அனுப்பியவள் என் அத்தை. எண்ணெய்க் கையோடு நான் சிரித்த சிரிப்பைப் பார்த்து, மகள் பாதிப் பின்னலோடு எழுந்து ஓடிவிட்டாள்.

அத்தை என்றதும் நரை விழுந்த பெரிய மனுஷி ஒருத்தியை நீங்கள் நினைத்துக்கொண்டால் அது உங்கள் தப்பில்லை. என் அத்தை என்னைவிட ஐந்தே மாதம் மூத்தவள். அப்பா வீட்டுக்குத் தலைப்பிள்ளை, அவள் கடைக்குட்டி. மாமியாரும் மருமகளும் ஒரே வருடத்தில் பிள்ளை பெற்ற கதையை நல்லம்பள்ளிப் பக்கத்து உறவுக்காரர்கள் இன்றும் கல்யாணப் பந்தியில் சொல்லிச் சிரிப்பார்கள். வயது எதுவானாலும் முறை முறைதான் என்பது அப்பாவின் சட்டம். பேர் சொல்லிக் கூப்பிட்டால் தலையில் குட்டு விழும். அதனால் நான் "வாடி அத்தை" என்று கூப்பிடப் பழகிக்கொண்டேன். முறையும் கெடவில்லை, என் மானமும் போகவில்லை. ஒன்றாம் வகுப்பிலேயே மற்ற பிள்ளைகளும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். பத்தாவது முடிக்கும்வரை அவள் ஊருக்கே அத்தையாக இருந்தாள்.

அந்தக் கைக்குட்டை அப்பாவுடையது. நாங்கள் ஆறாம் வகுப்புக்குப் போன வருடம் அத்தை அதை அவர் சட்டைப்பையிலிருந்து எடுத்தாள். சாயங்காலம் எங்கள் ஊர்ப் பக்கம் போக இருந்தது ஒரே ஒரு டவுன் பஸ். அது வந்து வளைந்து நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துணியை வீசி இடம் பிடித்துவிட வேண்டும். துணி விழுந்த இடம் துணிக்காரருக்கு. இதில் எப்பேர்ப்பட்ட ஆளும் எதிர்த்துப் பேச முடியாது, முணுமுணுத்துக்கொண்டு நின்றபடிதான் வர வேண்டும். பெண்பிள்ளைகள் வைத்திருக்கும் பூப்போட்ட சின்னக் கைக்குட்டைகள் காற்றில் பறந்து பஸ்ஸுக்கு அந்தப் பக்கம் போய் விழும். அத்தை யோசித்தாள். பெரிய கைக்குட்டையாக எடுத்து, மூலையில் ஒரு புளியங்கொட்டையை வைத்து முடிச்சுப் போட்டாள். அதன் பிறகு வீசினால் குறி தப்பியதில்லை. இரண்டு பேர் சீட்டில் நட்டநடுவே போய் விழும். அவளுடைய இன்ஜினியரிங் படிப்பு அந்தப் புளியங்கொட்டையில் தொடங்கியது என்று நான் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

பத்தாவது ரிசல்ட் வந்தபோது அத்தைக்கு என்னைவிடப் பதினொரு மதிப்பெண் கூடுதல். இரண்டு பேருமே இன்ஜினியரிங் என்று வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தவர்கள். ப்ளஸ் ஒன்னில் கணக்கு குரூப்பில் சேர்த்துவிட அப்பா கிளம்பி நின்றார். அத்தை அசையவில்லை. தான் பாலிடெக்னிக் போவதாகச் சொன்னாள். வீடே திகைத்துப் போனது. மார்க் குறைந்தவர்கள் போகிற இடத்துக்கு இவள் ஏன் போக வேண்டும் என்று டீச்சர்கள் அப்பாவைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அப்பா அவளைக் கேட்டார். அத்தை தினசரி காலண்டரில் ஒரு தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் இரண்டு கோடு போட்டாள். பேசியதெல்லாம் அப்பாவிடம் இல்லை, என்னிடம்தான்.

"நீ ரெண்டு வருசம் ப்ளஸ் டூ, ஒரு வருசம் பர்ஸ்ட் இயரு. நா மூணு வருசம் டிப்ளமா. கூட்டிப் பாரு, ரெண்டும் மூணுதான். டிப்ளமா முடிச்சா நேரா ரெண்டாவது வருசத்துல சேத்துக்குவாங்க. பர்ஸ்ட் இயரு பரீச்ச ஒண்ணுகூட எனக்குக் கெடையாது. நீ ரெண்டாவது வருசம் போற அன்னிக்கு உம்பக்கத்துல வந்து உக்காந்துக்கறேன். எடம் மட்டும் புடிச்சு வையி."

சொல்லிவிட்டுக் கைக்குட்டையை என் கையில் கொடுத்தாள். பாலிடெக்னிக்குக்கு வேறு பஸ், அதில் கூட்டம் இருக்காது, எனக்குத்தான் வேண்டியிருக்கும் என்றாள். அப்பா காலண்டர் தாளை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். எங்கள் பக்கம் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளிக்குத் தண்ணீர் பாய்ச்சவென்று எழுந்து போய்விட்டார். எங்கள் வீட்டில் அதற்குச் சம்மதம் என்று அர்த்தம்.

அந்த மூன்று வருடமும் நான் அவளைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். மறைப்பானேன். நான் வேதியியல் சமன்பாடுகளைச் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து முணுமுணுத்துக்கொண்டிருப்பேன். அவள் லேத்தில் கடைந்த ஒரு இரும்புத் துண்டைப் பளபளவென்று கொண்டுவந்து தட்டுக்குப் பக்கத்தில் வைப்பாள். அவள் பையில் எப்போதும் மெஷின் ஆயில் வாசனை அடிக்கும். வகுப்பில் பெண்கள் நாலே பேர். கையெல்லாம் சின்னச் சின்ன வெட்டு. அதைப் பெருமையாகக் காட்டுவாள். எனக்குக் காட்ட ஒன்றும் இல்லை, பேனா பிடித்துத் தடித்துப்போன நடுவிரலைத் தவிர.

ப்ளஸ் டூ முடித்து நான் கவுன்சலிங்குக்குப் போனபோது எல்லாரும் கம்ப்யூட்டர் எடுக்கச் சொன்னார்கள். நான் மெக்கானிக்கல் எடுத்தேன். ஏன் என்று கேட்டவர்களுக்கு ஏதேதோ சொன்னேன். உண்மையான காரணம் ஒன்றுதான். அத்தை வரப்போகிற வகுப்பு அது. முதல் வருடம் எனக்கு நன்றாகவா போனது? இன்ஜினியரிங் கிராபிக்ஸ் என்று ஒரு பாடம் இருந்தது. ஐங்கோணப் பட்டகம் ஒன்று ஒரு விளிம்பில் சாய்ந்து நிற்கிறது, அதை மேலிருந்து பார்த்தால் எப்படி இருக்கும், முன்னாலிருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்று வரைய வேண்டும். எனக்கு எங்கிருந்து பார்த்தாலும் ஒன்றும் தெரியவில்லை. அரியர் விழுந்தது. வீட்டில் மூச்சு விடவில்லை.

இரண்டாம் வருடம் தொடங்கியது. டிப்ளமாக்காரர்களுக்குச் சேர்க்கை தாமதமாகத்தான் நடக்கும், அவர்கள் சில வாரம் கழித்துத்தான் வருவார்கள். நான் மூன்றாவது வரிசையில் ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்தில் கைக்குட்டையை விரித்தேன். ஏரியூரிலிருந்து வந்த தோழி ஒருத்தி அது யாருக்கு என்று கேட்டாள். எங்கள் அத்தைக்கு என்றேன். அவ்வளவுதான். பேரன் பேத்தி எடுத்த ஒரு அம்மாள் வெற்றிலைப் பையோடு படிக்க வரப்போகிறார் என்று வகுப்பு முழுக்கப் பரவிவிட்டது. நான் திருத்தவில்லை. கணக்கு எடுக்கும் பேராசிரியர்கூட ஒருநாள் மிகுந்த மரியாதையோடு, "உங்க அத்தை எப்பம்மா வர்றாங்க?" என்று விசாரித்தார்.

அத்தை வரவில்லை. ஓசூரில் ஒரு கம்பெனி அவளைப் பாலிடெக்னிக்கிலேயே வந்து வேலைக்கு எடுத்திருந்தது. சும்மா இரண்டு மாதம் போய்ப் பார்க்கிறேன் என்று போனவள் போனவள்தான். வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். கையில் வேலை இருக்கிறது, இனிமேல் எதற்குப் படிப்பு என்று பேச்சு மாறிவிட்டது. நான் போன் செய்தால், இரண்டாம் வருடச் சேர்க்கைக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறேன், பார்க்கலாம் என்பாள். பிறகு அந்தப் பேச்சையே எடுக்காமல் கேன்டீன் சாம்பாரைப் பற்றிப் பேசினாள். மற்ற டிப்ளமாக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். என் பக்கத்தில் கைக்குட்டை மட்டும் உட்கார்ந்திருந்தது. தோழிகள் இப்போது கேலி செய்யவில்லை, பாவம் பார்த்தார்கள். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை. கேலியைத் தாங்கலாம், பாவத்தைத் தாங்க முடியாது.

ஒருநாள் மத்தியானம் கல்லூரி சைக்கிள் ஸ்டாண்டில் நின்று போன் போட்டு அவளைப் பிடி பிடியென்று பிடித்தேன். உன்னை நம்பித்தான் மெக்கானிக்கல் எடுத்தேன், நீ பாட்டுக்கு ஓசூரில் உட்கார்ந்துகொண்டாய் என்று கத்தினேன். நான் மூச்சு வாங்க நிறுத்தியதும், இதுவரை அவளிடம் கேட்டிராத ஒரு குரலில் சொன்னாள்.

"சீட்டு ஆர்டர் வந்து பத்து நாளாச்சுடி. பொட்டில வெச்சிருக்கேன். எனக்குப் பயமா இருக்குது. மூணு வருசமா லேத்துதான் ஓட்டியிருக்கேன், கணக்கெல்லாம் மறந்துபோச்சு. நீங்கல்லாம் ப்ளஸ் டூ படிச்சவங்க. உங்க மத்தியில வந்து உக்காந்துக்கிட்டு நா பேந்தப் பேந்த முழிக்கணுமா?"

அத்தைக்குப் பயம் வரும் என்பதே எனக்கு அதுவரை தெரியாது. ஓடுகிற பஸ்ஸுக்குக் குறி பார்த்தவள் அவள். என்ன சொல்லித் தேற்றுவது என்று தெரியாமல், யாரிடமும் சொல்லாததைச் சொல்லிவிட்டேன். "அத்த, நா கிராபிக்ஸ்ல பெயிலு. அப்பாவுக்குத் தெரியாது."

அத்தை சிரித்தாள் பாருங்கள், போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டியதாயிற்று. கிராபிக்ஸிலா, கிராபிக்ஸிலா என்று நாலு தரம் கேட்டாள். அவளுக்கு எழுதவே தேவையில்லை என்று விட்டுவிட்ட பாடம் அது. எனக்கு வந்த கோபத்தில் போனை வைத்துவிட்டேன்.

அடுத்த திங்கட்கிழமை முதல் வகுப்பு நடுவில் வாசலில் ஒருத்தி வந்து நின்றாள். சுடிதார், காலில் கம்பெனியில் கொடுத்த கனத்த சேஃப்டி ஷூ, தோளில் படம் வரையும் டிராஃப்டர் வைத்த பை. பேராசிரியர் யார் என்று கேட்பதற்குள் நான் எழுந்து நின்று, "சார், எங்க அத்தை" என்றேன். வகுப்பு வெடித்துச் சிரித்தது. அந்த அமளியில் அவள் டக்டக்கென்று நடந்து மூன்றாவது வரிசைக்கு வந்தாள். கைக்குட்டையை எடுத்தாள், முகத்தைத் துடைத்துக்கொண்டாள், மடித்துப் பைக்குள் வைத்தாள், உட்கார்ந்தாள். திருப்பித் தரவே இல்லை.

அந்த வருடம்தான் நான் சிரித்துக்கொண்டே படித்த வருடம். ஞாயிற்றுக்கிழமைகளில் அத்தை தோட்டத்திலிருந்து குச்சிக்கிழங்கு பிடுங்கி வருவாள். கத்தியால் ஐந்து பக்கம் சீவி அதைப் பட்டகமாக்குவாள். வரைபலகை மேல் சாய்த்து வைத்து, இப்போது மேலிருந்து பார், இப்போது முன்னாலிருந்து பார் என்பாள். குறுக்கே வெட்டினால் எப்படித் தெரியும் என்ற கேள்வி வந்தால் நிஜமாகவே வெட்டிக் காட்டிவிடுவாள். ஒரு வருடமாகப் புரியாதது இரண்டு கிழங்கில் புரிந்தது. வரைந்து முடித்ததும் பட்டகம், கூம்பு, பிரமிடு எல்லாவற்றையும் உப்புப் போட்டு வேகவைத்துத் தின்போம். அதற்குப் பதிலாக நான் அவளுக்குத் தொகையீடு சொல்லிக் கொடுத்தேன். தப்பு வந்தால் அவளுக்கு ஆத்திரம் தாங்காது, பென்சிலைக் கடித்துத் துப்புவாள். இத்தனை கிழங்கு எங்கே போகிறது என்று அப்பா ஒருநாள் கேட்டபோதுதான் அரியர் விஷயம் வெளியே வந்தது. அவர் கோபப்படவில்லை. மிச்சம் இருந்த கூம்பை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, உப்பு பத்தவில்லை என்றார்.

செமஸ்டர் முடிவில் என் அரியர் போனது. அவள் கணக்கில் தேறினாள், தேவைக்கு மேல் இரண்டே மார்க். கல்லூரி கேன்டீனில் வகுப்புக்கே போண்டா வாங்கிக் கொடுத்தோம். கணக்குப் பேராசிரியரும் ஒன்று எடுத்துக்கொண்டார். "அத்தை பாஸா?" என்று அவரும் கேட்டார்.

இதெல்லாம் நடந்து எத்தனையோ வருடமாகிவிட்டது. அத்தை கல்யாணமாகிச் சேலத்தில் ஒரு கம்பெனியில் டிசைன் பிரிவில் இருக்கிறாள். நான் தர்மபுரிப் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் பாடம் எடுக்கிறேன். "மேடம், நேரா ரெண்டாவது வருசம் போனா சமாளிக்க முடியுங்களா?" என்று வருடா வருடம் பிள்ளைகள் கேட்கும். தாராளமாகப் போங்கள் என்று தைரியம் சொல்லி அனுப்புவேன். ஊருக்கு உபதேசம் சுலபம். வேலை பார்ப்பவர்களுக்காக வார இறுதியில் நடக்கும் எம்.இ. படிப்புக்கு அத்தையும் நானும் சேர்ந்தே நுழைவுத் தேர்வு எழுதினோம், இரண்டு பேருக்கும் சேலத்தில் இடம் கிடைத்தது. அவள் சேர்ந்துவிட்டாள். என்னுடைய ஆர்டர் ஒரு மாதமாக அலமாரியில் சேலைகளுக்கு அடியில் கிடந்தது. குழந்தை சின்னவள், பஸ்ஸில் போய்வர நேரமாகும், மாமியாருக்கு முட்டி வலி என்று அத்தையிடம் காரணங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். போன வாரம் அவள் விடாமல் குடைந்தபோது வாய் தவறி உண்மை வந்துவிட்டது. டிப்ளமா கணக்கைத் தாண்டிப் புத்தகத்தைத் தொட்டே வருடங்கள் ஆகின்றன, சின்னப் பிள்ளைகள் மத்தியில் உட்கார்ந்து நான் பேந்தப் பேந்த முழிக்கணுமா என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் அது யாருடைய வார்த்தை என்று உறைத்தது. அத்தைக்கும் உறைத்திருக்கும். அவள் உடனே போனை வைத்துவிட்டாள்.

சனிக்கிழமை காலை அந்தப் படம் வந்தது. சிரித்து முடித்து, மகளைத் தேடிப் பிடித்து மறுபக்கப் பின்னலைப் போட்டுக்கொண்டிருந்தேன். சேர்க்கைக்குக் கடைசி நாள் திங்கள் என்பது நினைவுக்கு வந்ததும் சிரிப்பு போய்விட்டது. போன் மறுபடி சத்தமிட்டது. இந்த முறையும் படம்தான். திருத்திய விடைத்தாளின் முதல் பக்கம், மேலே அத்தையின் பெயர், சிவப்பு மையில் வட்டம் போட்டு ஐம்பதுக்குப் பன்னிரண்டு. அதன் கீழே இரண்டு வரி எழுதியிருந்தாள்.

"மொதல் டெஸ்ட்டுல நா பெயிலுடி. உங்க மாமாவுக்குத் தெரியாது."

அலமாரியைத் திறந்து சேலைகளைத் தூக்கினேன். ஆர்டரை எடுத்துப் பையில் வைத்தேன். மகளை அவள் அப்பாவிடம் விட்டுவிட்டு, பஸ் நிலையத்துக்கு நடக்கும்போதே அத்தைக்குப் பதில் அனுப்பினேன். கிளம்பிவிட்டேன், கைக்குட்டையை எடுத்துவிடாதே என்று.