வெறும் ஊசிக் கோழிகளுக்கு நான் வைத்த மஞ்சள்

நான் படித்தது இரண்டாம் வகுப்பு. இதைக்கூட மெதுவாகத்தான் எழுதுகிறேன். ஆனால் எங்கள் நகரத்துத் தின்கன்ஜூன் பேட்டையில் ஒரு தடுப்பூசி ஆராய்ச்சிக் கூடத்தில் நாற்பது கோழிக்குப் பொறுப்பு நான்தான். எச்சத்தைப் பார்த்தே கோழிக்கு உடம்பு எப்படி என்று சொல்லிவிடுவேன். டாக்டர்களுக்கு அதற்கு மெஷின் வேண்டும்.

அங்கே பெரிய டாக்டர் பக்கத்துத் தாமுவே பேட்டைத் தமிழ்ப் பெண். எல்லாரும் பர்மியப் பேச்சில் சயாமா, அதாவது டாக்டரம்மா, என்று மரியாதையாகக் கூப்பிடுவார்கள், நானும்தான். கோழிகளைக் கொல்லும் வெள்ளைக்கழிச்சல் நோய்க்குப் புது ஊசி செய்துகொண்டிருந்தாள். அதில் முழுக் கிருமி கிடையாதாம். கிருமியின் மேல்பக்கத்துப் புரதம் ஒன்றை மட்டும் ஈஸ்ட்டில் வளர்த்து எடுப்பாளாம்.

"திருடனோட சட்டையை மட்டும் கோழிக்குக் காட்டுறோம், பெரியம்மா. நாளைக்குத் திருடன் வந்தா அடையாளம் தெரியும்ல?" என்றாள் என்னிடம்.

நீல வளையம் போட்ட இருபது கோழிக்கு அந்த ஊசி. சிவப்பு வளையம் இருபதுக்கு மருந்தில்லாத வெறும் ஊசி. பிறகு இரண்டு பக்கத்து ரத்தத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பாள். அது சரியாக வந்தால்தான் வேலை மேலே நகரும்.

சிவப்புக்காரிகளைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருந்தது. குத்தும் வாங்கி மருந்தும் இல்லை என்றால் என்ன நியாயம்? வீட்டிலிருந்து மஞ்சளும் சின்ன வெங்காயமும் தட்டிக் கொண்டுபோய், அவர்கள் தீனியில் மட்டும் பிசைந்து வைத்தேன். ஒரு வாரம்.

ரத்தம் எடுக்க வந்த சயாமா ஒரு கோழியைத் தூக்கினாள். "அலகெல்லாம் ஏன் மஞ்சளா இருக்கு?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. "நான்தான் மஞ்சள் போட்டேன். சிவப்புக்கு மட்டும்."

அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். "ஐயோ பெரியம்மா, ஊசி ஒண்ணுதான் வித்தியாசமா இருக்கணும். இப்ப எது என்ன செஞ்சதுன்னு யார்கிட்டே கேக்கறது?"

"கோழிகிட்டேயே கேளு."

சிரிக்கவில்லை. புதுக் குஞ்சிலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டும் என்றாள்.

"இந்தத் தடவை எந்தக் கலருக்கு என்ன ஊசின்னு என்கிட்டே சொல்லாதே," என்றேன். "தெரிஞ்சா என் கை சும்மா இருக்காது."

"அதை நாங்கதானே முதல்லயே செஞ்சிருக்கணும்!" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

புதுக் குஞ்சுகள் வந்தன; இந்தத் தடவை பச்சை வளையம் பாதிக்கு, வெள்ளை வளையம் பாதிக்கு. எல்லாருக்கும் ஒரே வாளித் தீனி. ரத்தம் பார்த்து முடித்த அன்று சயாமா ஓடிவந்தாள். பச்சை வளையக்காரிகளுக்கு எதிர்ப்புச் சக்தி நன்றாக ஏறியிருக்கிறதாம். "ஊசி வேலை செய்யுது, பெரியம்மா!"

வெறும் ஊசி யாருக்கு என்று எனக்கும் அப்போது தெரிந்துபோனது. அந்தக் கூண்டுப் பக்கம் போய்க் கொஞ்ச நேரம் பேசிவிட்டு வந்தேன். வெறுங்கையோடுதான்.