யாரிடம் சொல்லிக் காப்பாற்றுவது

விருத்தாசலம் செராமிக் பேட்டையில் என்னுடையது ஒரு சின்ன யூனிட். ஃபியூஸ் கட்டை செய்கிறோம். கரண்டு போனால் மீட்டர் பெட்டியைத் திறந்து பிடுங்கிப் பார்ப்பீர்களே, அந்த வெள்ளைப் பீங்கான்தான். ஒரு ஷெட்டு, ஒரு பிரஸ் மெஷின், இன்னும் சுடாத பச்சைக் கட்டைகளை ஈரப் பஞ்சால் துடைத்துப் பிசிர் எடுக்கச் சில பெண்கள். என்னை யாரும் முதலாளி என்று கூப்பிடுவதில்லை, அக்காதான். வாய் நீளம் என்று பின்னால் சொல்வார்கள். சொல்லட்டும், உண்மைதானே.

அந்தப் பெண்களில் ஒருத்தி இலங்கை அகதி முகாமிலிருந்து வருபவள். கைக்குழந்தையாகப் படகில் வந்தவள். அவள் பிள்ளைகள் இங்கேயே பிறந்து இங்கேயே பள்ளிக்கூடம் போகிறார்கள், ஆனாலும் அகதிகள்தான். எங்களோடு பேசும்போது எங்கள் தமிழ் பேசுவாள். புருஷனோடு போனில் பேசும்போது அவர்கள் தமிழ். புருஷன் பெயிண்டர். வெளியூரில் சாரத்தில் தொங்கிக்கொண்டிருந்தாலும் முகாமில் கணக்கெடுக்கும் நாளன்று ஓடி வந்து முகம் காட்டிவிட்டுப் போக வேண்டும். சாகும்வரை முகம் காட்டிக்கொண்டே இருப்பதா என்று அவளிடம் கேட்டுக்கொண்டே இருந்தாராம்.

ஒருநாள், அவர் கேரளாவுக்குப் பெயிண்ட் அடிக்கப் போயிருக்கிறார் என்றாள். முகாமில் யார் வெளிநாட்டுக்குக் கள்ளப் படகேறினாலும் அக்கம்பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள். கேட்பவர்களும் சரி என்று தலையாட்டிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார்கள். நானும் அப்படித்தான் தலையாட்டினேன்.

ஒரு காலை டீ நேரத்தில் அவள் போன் அடித்தது. ஷெட்டுக்குப் பின்னால் போனவள் ஓடி வந்து, துடைக்க வைத்திருந்த ஒரு பச்சைக் கட்டையை எடுத்து, ஆணியால் அதில் எண்களைக் கீறினாள். காகிதம் தேட அவளுக்குப் பொறுமை இல்லை. பிறகு என்னைப் பார்த்தாள். எங்கள் தமிழ் அவளுக்கு மறந்து போயிருந்தது.

“அக்கா, எஞ்சின் நிண்டுட்டுதாம். படகுக்குள்ள தண்ணி ஏறுதாம்.”

புருஷன்தான் படகிலிருந்த சாட்டிலைட் போனில் பேசியிருக்கிறார். கட்டையில் இருந்தது படகு நிற்கும் இடம். கூடவே அவர் இன்னொன்றும் சொல்லியிருந்தார். இலங்கை நேவிக்குச் சொல்லாதே, இந்தியாவுக்கும் சொல்லாதே. அங்கே பிடித்தால் எதை விட்டு ஓடி வந்தோமோ அங்கேயே, இங்கே பிடித்தால் ஜெயில். அந்தப் பக்கமாகப் போகும் வெளிநாட்டுக் கப்பல் ஏதாவது வரச் செய். அவ்வளவுதான், லைன் அறுந்துவிட்டது. திரும்ப அடித்தால் போகவில்லை.

கடலில் தத்தளிப்பவர்களுக்காக வெளிநாட்டில் சிலர் ஒரு நம்பர் வைத்திருக்கிறார்கள். முகாமில் அது எல்லோருக்கும் தெரியும். வடக்கத்தி வியாபாரிகளோடு பேரம் பேசிப் பழகிய என் இங்கிலீஷை நம்பி அதில் நான் பேசினேன். எடுத்தது ஒரு பெண், நிதானமாகப் பேசினாள். கடலில் ஆள் மூழ்குவது தெரிந்தால் எந்தக் கப்பலும் திரும்பி வந்து காப்பாற்ற வேண்டும், அது சட்டம் என்றாள். எனக்கு உயிர் வந்தது. ஆனால் கப்பல்களுக்குச் சொல்ல வேண்டியது அந்தக் கடல்பகுதிக்குப் பொறுப்பான நாடு; நான் படித்துக் காட்டிய எண்களின்படி அது இலங்கை. சொன்னால் சரக்குக் கப்பலும் வரலாம், நேவியும் வரலாம். ஏற்றியவர்களை எங்கே இறக்குவார்கள் என்பது எங்கள் கையில் இல்லை. படகோடு தொடர்பும் இல்லை. குடும்பம் என்ன சொல்கிறது என்று கேட்டாள்.

நான் இதைத் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் ஷெட்டில் ஆளாளுக்குப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். முதலில் உசுரு, மத்ததெல்லாம் அப்புறம் என்றார்கள் பெண்கள். லோடு ஏற்ற வந்திருந்த வேன் டிரைவர், கப்பல்காரன் எதற்கு நிற்பான் என்று ஆரம்பித்தான். மனுசனா நீ என்று கத்தினேன். அவன் கோபப்படவில்லை.

“உளுந்தூர்பேட்டை ரோட்டுல அடிபட்டுக் கெடந்தவன நான் தூக்கிட்டுப் போனங்க்கா. ஆஸ்பத்திரில இங்க இல்ல அங்க போ, அங்க இல்ல இன்னோரு எடம் போன்னாங்க. வண்டியிலயே போயிட்டான். ஸ்டேஷன்ல என்னையத்தான் உக்கார வெச்சாங்க. அதுலேர்ந்து நான் நிக்கறது இல்ல.”

லைனில் அந்தப் பெண் காத்திருந்தாள். இவள் கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பச்சை மண், பிடித்த பிடியில் ஓரம் உதிர்ந்துகொண்டிருந்தது.

“அவர் சொல்ல வேண்டாமெண்டு சொன்னவர்” என்றாள். பிறகு, “பிள்ளையளுக்கு அப்பா வேணும். சொல்லுங்கோ அக்கா.”

சொன்னேன்.

ஒரு சரக்குக் கப்பல் வழியை மாற்றி வந்து எல்லோரையும் ஏற்றிக்கொண்டது. ஒருத்தர்கூடச் சாகவில்லை. ஜாங்கிரி வாங்கி வந்து ஷெட்டில் எல்லோருக்கும் நானே கொடுத்தேன். அவளும் சாப்பிட்டாள். அப்புறம்தான் கூத்து ஆரம்பித்தது. கப்பல் போக வேண்டிய துறைமுகத்தில் இவர்களை இறக்க விடமாட்டோம் என்றார்களாம். பக்கத்து நாடும் மாட்டேன் என்றதாம். காப்பாற்று என்று சொல்லச் சட்டம் இருக்கிறது, காப்பாற்றப்பட்டவனை வாங்கிக்கொள் என்று சொல்ல ஒருத்தரும் இல்லை. கப்பல் நடுக்கடலில் நின்றது. கடைசியில் இலங்கை நேவி வந்து ஆட்களை மாற்றிக்கொண்டு போனது. ஆக்சிடென்ட் கேஸு மாதிரியே ஆயிடுச்சேக்கா என்று டிரைவர் வருத்தப்பட்டுத்தான் சொன்னான். எனக்கு அவனை அறைய வேண்டும் போலிருந்தது.

அங்கே அவர்மேல் வழக்குப் போட்டு, ஜாமீனில் விட்டார்கள். தூரத்து உறவு ஒருவர் வீட்டில் ஒண்டிக்கொண்டார். பாஸ்போர்ட் இல்லாததால் இங்கே வர வழியில்லை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இவள் போகலாம் என்றால், அங்கே தங்க வீடும் இல்லை, அவருக்கு வேலையும் இல்லை. முதல் தடவை பேசியபோது அவர் கேட்டது ஒன்றுதான், உன்னை யார் சொல்லச் சொன்னது என்று. அதன்பிறகு போன் பிள்ளைகளுக்கு மட்டும் வரும். ஞாயிற்றுக்கிழமை நான் முகாமுக்குப் போனால், பிள்ளைகள் பேசுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள். அவர் குரல் காதில் விழுந்தால் போதும் அவளுக்கு.

ஒரு ஞாயிறு என்னால் பொறுக்க முடியவில்லை. போனைப் பிடுங்கி, நீங்க இன்னிக்கி மொகத்தத் திருப்பிக்கறதுக்கு உசுரோட இருக்கறதே இவளாலதான் என்று கத்தினேன். அவர் சத்தம் போடவில்லை.

“காப்பாத்தினீங்கள் அக்கா. இல்லையெண்டு சொல்லேல்ல. எங்க கொண்டுவந்து விட்டிருக்கிறீங்களெண்டு பாத்தனீங்களோ?”

போனைப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டேன்.

இந்த வருடம் அந்த ஞாயிற்றுக்கிழமை போனும் நின்றது. இரண்டு வாரம் பார்த்துவிட்டு உறவுக்காரருக்கு அடித்தாள். வெளியூரில் பெயிண்ட் வேலைக்குப் போயிருக்கிறார் என்றார் அவர். அதைக் கேட்டதுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. அழுது கேட்டபிறகு, அந்தப் பக்கத்திலிருந்து மறுபடியும் படகேறிவிட்டார் என்று ஒத்துக்கொண்டார். படகில் பேச எந்த நம்பர் கொடுத்துவிட்டுப் போனார் என்று கேட்டாள். யாருக்கும் கொடுக்கவில்லை. இவள் நம்பரையும் படகில் ஒருவரிடமும் கொடுக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டே போனாராம்.

இப்போது பஞ்சும் கையுமாக உட்காரும்போது போனைத் தண்ணீர் படாத இடமாகப் பார்த்து எதிரே வைத்துக்கொள்கிறாள். தெரியாத நம்பர் வந்தால் பதறி எடுக்கிறாள். லோன் வேண்டுமா என்று கேட்கிறார்கள். போன வாரம், அந்த வெளிநாட்டுப் பெண்ணின் நம்பர் இன்னும் இருக்கிறதா அக்கா என்று கேட்டாள். இருந்தது. அடித்துக் கொடுத்தேன், போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே நின்றேன். அதே நிதானமான குரல். அவர் மறுபடி படகில் போனதை நான் இங்கிலீஷில் சொன்னேன். உடனே சொல்கிறோம், கவலைப்படாதீர்கள் என்றது.

பிறகு, படகு எந்த இடத்தில் இருக்கிறது என்று கேட்டது.