பதிவேட்டில் இல்லாத குச்சி

“1983 ஏப்ரல், பாசறை இரண்டாம் நாள். பிற்பகல் மழை. அடுப்பு மூட்டல்: மயில் அணி, இரண்டு குச்சி. கழுகு அணி, இரண்டு குச்சி.”

எங்கள் பாடசாலைச் சாரணர் பதிவேட்டில் நான் எழுதிய வரிகள் இவை. கையெழுத்து அழகாக இருக்கிறது. தகவல் பொய்.

மயில் அணிக்கு நான் தலைவன். கழுகு அணிக்கு என் மாமி மகன். இருவருக்கும் பதினைந்து வயது. வட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு பனங்காணியில் கூடாரம் அடித்திருந்தோம். அணிக்கு இரண்டு தீக்குச்சிதான் தருவார்கள். குறைந்த குச்சியில் அடுப்பு மூட்டும் தலைவனுக்குக் கண்டிப் பாசறையில் இடம். ஒரே ஓர் இடம். சாரணர் கைநூலை நான் மூன்று தடவை வாசித்திருந்தேன். அவன் திறந்து பார்த்ததாகவே நினைவில்லை. ஆனால் மழை இருட்டியதும் அவன் பனைமட்டை அடியில் வலைபோல் இருக்கும் பன்னாடையைக் கிழித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டான். அவனுக்கு ஒரு குச்சி போதுமாயிருந்தது. என் இரண்டும் ஈரக் காவோலையில் சீறி அணைந்தன.

பின்னால் வந்து நின்றான்.

“என்ன மச்சான், புத்தகம் நனைஞ்சு போச்சோ?”

“போடா.”

“இந்தா, என்ரை மற்றக் குச்சி. மாஸ்டரிட்டைச் சொல்லாதை. விட்டா உன்ரை பெடியள் எங்கடை பானைக்கை கை வைப்பாங்கள்.”

காய்ந்த பன்னாடையிலும் பாதியைத் தந்தான். என் அடுப்பு எரிந்தது. அதைவிட அதிகமாக நான் எரிந்தேன். எங்கள் சாரண ஆசிரியரான மாஸ்டர் அப்போது கூடாரங்களைச் சுற்றி வாய்க்கால் வெட்டுவித்துக்கொண்டிருந்தார். அவர் நம்பியது பதிவேட்டை. அவனுடைய ஒன்றையும் என்னுடைய மூன்றையும் இரண்டு இரண்டாக்கினேன். சமநிலை என்றதும், பதிவேட்டைச் சுத்தமாக வைத்திருந்தவனை மாஸ்டர் தெரிந்தெடுத்தார். கண்டிக்குப் போனது நான்.

பின்னர், போர்க்காலப் பொருளாதாரத் தடையில் நெருப்புப்பெட்டி அருமையானபோது, அவன் ஒரு குச்சியைச் சவர பிளேடால் நெடுக்கே பிளந்து இரண்டு வீட்டு அடுப்பை மூட்டுவான். “உவனைக் கூப்பிடு, வீணாக்கமாட்டான்” என்பார் என் அம்மா. அவனைக் கூப்பிடப் போகும் ஒவ்வொரு முறையும் வேண்டுமென்றே சுற்றுவழியில் போனேன். பாசறை அவனுக்குத் தந்தது அந்தக் கையை. எனக்கு ஒரு சான்றிதழ்.

இப்போது அவன் கனடாவில். போன மாதம் தொலைபேசியில், தன் மகனும் சாரணனாகி மழைக்குள் ஒரே குச்சியில் நெருப்பு மூட்டினான் என்று சிரித்தான். அதற்கும் பொறாமைப்பட்டேன்.

அந்தப் பாசறை முடிந்ததும் பதிவேடு அட்டை போடுவதற்காக ஒரு கிழமை அவன் வீட்டில் இருந்தது. திரும்பி வந்தபோது மயில் அணி வரியின் ஓரத்தில் பென்சிலால் ஒரு சிறு கோடு, ஏறக்குறைய ஒரு தீக்குச்சியின் நீளம். நான் கீறியதல்ல. யார் கீறியது என்பதை இன்றுவரை உறுதிப்படுத்தவில்லை. கேட்டால் தெரிந்துவிடும்.