ஸ்டானிஸ்லாஸ் அண்ணனின் இடுப்பும் நாகவிஷத் தைலமும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அந்தத் தைலப் பாட்டிலில் நான் கை வைக்கவில்லை. எங்கள் தெருவில் இன்னும் சில பேர் என்னைப் பார்த்தால் ஒரு மாதிரி சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். விஷயம் தெரியாதவர்களோடு மல்லுக்கு நிற்க எனக்கு நேரமில்லை.

ஸ்டானிஸ்லாஸ் அண்ணன் என் சகலை. அவர் ஃப்ளோரன்ஸ் அக்காவைக் கட்டினார், நான் அக்காவின் தங்கை லூர்துவைக் கட்டினேன். ராயபுரத்தில் ஒரே முற்றத்துக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவர்கள். அண்ணனுக்குத் துறைமுகத்தில் வேலை. கப்பலின் வயிற்றிலிருந்து மூட்டைகளைத் தூக்கும் வின்ச்சை ஓட்டுகிறவர். வருஷக்கணக்காகக் குனிந்து கீழே பார்த்துப் பார்த்தே, எழுபத்திரண்டாம் வருஷம் வாக்கில் இடுப்பு போய்விட்டது. காலையில் கட்டிலை விட்டு எழும்போது அவர் போடும் சத்தத்தில் எங்கள் வீட்டுக் குழந்தைகள் விழித்துக்கொள்ளும். மாத்திரை, பற்று, ஒத்தடம் எல்லாம் பார்த்தாகிவிட்டது. ஒன்றுக்கும் மசியவில்லை.

இடுப்பு போனதுகூட அவருக்குப் பெரிதில்லை. சப்பரத் தண்டு கையை விட்டுப் போய்விடுமோ என்பதுதான் கவலை. டிசம்பரில் மாதா திருநாளன்று எங்கள் கோயில் சப்பரத்தைத் தோளில் தூக்கித் தெருத்தெருவாகக் கொண்டுபோவோம். அதில் முன்பக்கத்து இடது தண்டு அவருடைய அப்பா பிடித்தது. அப்பாவுக்குப் பிறகு அவர். மாடியிலிருந்து பெண்கள் பூவைப் போட்டால் முதலில் அந்த ஆளின் தலையில்தான் விழும். அண்ணனுக்கு மூன்றும் பெண்கள். ஒரு தடவை கைமாறினால் தண்டு அந்தக் குடும்பத்துக்குத் திரும்பி வராது.

அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து அண்ணன் வளைந்து வளைந்து நடப்பதை சவரிநாதன் சாமியார் பார்த்துவிட்டார். "ஸ்டானிஸ்லாஸ், உன்னால நிமிர முடியலைன்னா இந்தத் தடவை பாஸ்கல் பிடிக்கட்டும்" என்றார், அத்தனை பேர் முன்னாலும். பாஸ்கல் நான்தான். எனக்கு உள்ளுக்குள் இனித்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும்? ஆனால் அண்ணன் முகத்தைத்தான் பார்க்க முடியவில்லை.

மறுநாளே வந்து நின்றார். "டேய் சகல, கெளம்பு. புளியந்தோப்புல ஒரு பாய் கீறாராம். பாம்பு வெஷத்துல தைலம் காச்சுறாராம். மூட்ட தூக்குறவனுங்க அல்லாரும் அங்கதான் போய்கினு கீறானுங்க."

பாயின் பெயர் சௌக்கத் அலி. சந்துக்குள் சின்னக் கடை, அலமாரி நிறையக் கருப்புப் பாட்டில்கள், பக்கத்தில் மூடி போட்ட ஒரு பிரம்புக் கூடை.

"நல்ல பாம்போட வெஷம் நைனா. கறந்து எண்ணெயில காச்சுனது. வலின்றது பயந்து ஓடிப்பூடும்" என்றார்.

"நெஜமாவே பாம்பு வெஷந்தானா பாய்?" என்று நான் கேட்டேன்.

அவர் கூடையை இரண்டு தட்டுத் தட்டினார். "தொறக்கட்டா?"

அந்தக் கேள்விக்கு இதுவரை யாருமே ஆமாம் என்று சொன்னதில்லையாம். நானும் சொல்லவில்லை.

வைத்தியத்துக்குச் சட்டதிட்டங்கள் உண்டு. வெறும் கையால் தைலத்தைத் தொடக்கூடாது, கோழி இறகால்தான் தடவ வேண்டும். தடவின கை அன்றைக்குச் சோற்றில் படக்கூடாது. தன் இடுப்பைத் தானே தடவிக்கொள்ள அண்ணனுக்கு எட்டாது. அக்காவிடம் விஷம் என்று சொன்னால் வீடு ரெண்டாகும். மிச்சம் யார்? நான்தான். அவர் இடுப்பு நிமிர்ந்தால் எனக்குத் தண்டு கிடையாது. அந்த இடுப்பை நிமிர்த்துகிற வேலையும் என் தலையிலேயே. இப்படி ஒரு இளிச்சவாயன் ராயபுரத்தில் வேறு யாராவது உண்டா?

தினமும் சாயங்காலம் கோழிக்கூண்டுக்குப் பின்னால் அவர் சட்டையைத் தூக்கிக்கொண்டு நிற்பார், நான் இறகோடு நிற்பேன். "கீழ... இன்னும் கீழ... டேய், கூசுதுடா!" ராத்திரி நான் ஸ்பூனால் சோறு தின்றேன். "தொரைக்கு இன்னா திடீர்னு?" என்றாள் லூர்து.

ஆனால் சும்மா சொல்லக்கூடாது, தைலம் வேலை செய்தது. நவம்பர் பாதியில் அண்ணன் நிமிர்ந்துவிட்டார். "என்னக் கட்ச்ச கொசு பட்டுனு செத்துப்போச்சு பாத்தியா? ஒடம்பெல்லாம் வெஷம் ஏறிக்கீது" என்று பெருமையடித்தார். கொசுவை அவரே அடித்ததை நான் கண்ணால் பார்த்தேன். நல்ல நாளில் எதற்கு வம்பு என்று விட்டுவிட்டேன்.

தைலத்துக்குக் கருகின பூண்டும் கற்பூரமும் கலந்த ஒரு நாற்றம். அதுதான் எங்களைக் காட்டிக்கொடுத்தது. ஃப்ளோரன்ஸ் அக்கா காசிமேட்டில் இறால் கம்பெனியில் நின்றபடியே நாளெல்லாம் இறால் உரிக்கிறவர். அன்று சீக்கிரம் வேலை முடிந்து வந்தவர் நேராகக் கோழிக்கூண்டுக்குப் பின்னால் வந்து நின்றார்.

"இன்னாயா இது?"

அண்ணன் உளறிவிட்டார்.

"பாம்பு வெஷமா? மாதா கால்ல போட்டு மிதிச்சிகினு கீறது பாம்பு. நீ அத்தோட வெஷத்த இடுப்புல பூசிகினு போய் அவுங்களயே தூக்கப்போறியா? வெக்கமா இல்ல? பாஸ்கல், உனுக்கு அறிவில்ல?"

எனக்கு எதற்கு அறிவு? கொட்டிவிடுகிறேன் என்று அண்ணன் மாதா மேல் ஆணையிடாமல் ஜாக்கிரதையாகச் சொன்னார். பாட்டில் கூண்டுக்கு அடியில் வைக்கோலுக்குள் போயிற்று.

அதற்குப் பிறகுதான் என் மானம் போன கதை. நாங்கள் எடுப்பது இறகு நனைகிற அளவுதான். பாட்டிலோ ஒரேயடியாகக் குறைந்துகொண்டே வந்தது. திருநாளுக்கு முந்தின நாள் கவிழ்த்தால் ஒரு சொட்டு இல்லை. அண்ணன் புளியந்தோப்புக்கு ஓடினார். கடை பூட்டியிருந்தது. பாய் பாம்பு பிடிக்க ஊருக்குப் போயிருக்கிறாராம்.

குழாயடியில் தெருவே நிற்கும்போது என் சட்டையைப் பிடித்தார் அண்ணன். "தண்டு மேல கண்ணு வெச்சிகினு தைலத்தக் கொட்டிட்ட இல்ல? நீயெல்லாம் ஒரு சகலயா?"

"டெய்லி உன் இடுப்ப தடவுனவன் நானு! என்னப் பாத்தா இந்த வார்த்த கேக்குற?"

என் பெண்டாட்டியாவது எனக்காக நிற்பாள் என்று திரும்பினேன். "எட்த்திருந்தா குட்த்துடுயா, போவட்டும்" என்றாள் லூர்து. அக்கா மட்டும் நிரம்பாத குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

திருநாளன்று அண்ணன் தண்டைப் பிடித்தார். நான் அவருக்குப் பின்னால். கோயில் வாசலிலிருந்து இரண்டு தெரு ஜம்மென்று போனார். தலை நிறையப் பூ. வெற்றிலைக் கடை முனையில் சப்பரத்தைத் திருப்பும்போது "அம்மா!" என்றார். அவ்வளவுதான், இடுப்பு பிடித்துக்கொண்டது. முட்டுக்கொடுக்கிற கவைக்காலை ஊன்றிச் சப்பரத்தை நிறுத்தினோம். கூட்டத்துக்குள்ளிருந்து ஃப்ளோரன்ஸ் அக்கா ஓடி வந்து அண்ணனைத் தாங்கிப் பிடித்தார்.

ஓடி வந்தார் என்றால் நிஜமாகவே ஓடி வந்தார். வழக்கமாகத் திருநாளில் கோயில் வாசலோடு நின்றுவிடுகிறவர். நாங்கள் அதைச் சோம்பேறித்தனம் என்று நினைத்திருந்தோம்.

அண்ணன் மூக்கைச் சுளித்தார். வளைந்து நின்றபடியே அக்காவின் புடவையை மோந்து பார்த்தார். கருகின பூண்டு, கற்பூரம்.

"நீயா? பாம்பு அது இதுன்னு அந்தக் கத்து கத்துன?"

"மாதா மிதிச்சிட்ட பாம்புதான? இனிமே அது இன்னா பண்ணும்?" என்றார் அக்கா. "ஐஸ் தண்ணியில நின்னு நின்னு முட்டி செத்துப்போச்சுயா. எத்தினி வர்சமா தெரியுமா? ஒரு வாட்டியாச்சும் சப்பரம் கூட நடக்கணும்னு ஆச கீது எனுக்கு."

"ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"நீ ஒரு நாளாச்சும் கேட்டியா?"

நான் சும்மா இருப்பேனா? "கேட்டுக்கோங்க அல்லாரும்! நான் எடுக்கல!" என்று தண்டுக்கு அடியிலிருந்து கத்தினேன். ஒருத்தரும் காதில் வாங்கவில்லை. எனக்கே அப்புறம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஒரே முற்றத்தில் இருக்கிறோம், நானும்தான் கேட்டதில்லை.

சாமியார் முன்னால் வந்தார். "ஸ்டானிஸ்லாஸ், கொஞ்சம் இளைப்பாறிட்டு நீயே பிடிக்கிறியா? இல்ல, பாஸ்கலுக்குக் குடுத்துடலாமா? குடுத்தா குடுத்ததுதான்."

அண்ணன் தண்டைப் பார்த்தார். நான் அண்ணனைப் பார்த்தேன்.

"பாஸ்கலே தூக்கட்டும் சாமி" என்றார். பிறகு அக்காவின் தோளை அணைத்துப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"எந்த முட்டிடி வலிக்குது?"

அவ்வளவு நேரம் வீம்பாக நின்ற அக்கா, நடுத்தெருவில், கையில் மெழுகுவர்த்தியோடு, விசும்பி விசும்பி அழுதார்.

"ரெண்டுந்தான்" என்றார்.