மெதுவாகக் கொதிக்கிற கேத்தில்

எண்பத்தைந்தாம் ஆண்டு மாரிமழைக் காலம். நாரந்தனையில் எங்கள் பக்கத்து வீட்டில் கடற்றொழில் செய்யும் ஒருவர் மனைவியோடு இருந்தார். அந்த வீட்டில் மின்சாரம் இல்லை. குழந்தை பிறந்ததால், ஒரு பல்ப் எரிக்க என் வீட்டிலிருந்து வேலிக்கு மேலால் வயர் இழுத்துக் கொடுத்தேன்.

விறகெல்லாம் நனைந்து கிடந்தது. பிள்ளை பெற்றவள் புகைக்குள் இருந்து தேத்தண்ணி வைக்க வேண்டாமென்று அவளுடைய தமையன் ஜெர்மனியிலிருந்து தண்ணீர் கொதிக்க வைக்கிற ஒரு மின்சாரக் கேத்தில் அனுப்பினான். நல்ல எண்ணம்தான், ஆனால் இரண்டாயிரம் வாட்ஸ். பல்பைக் கழற்றிவிட்டு அதைக் கொழுவினால் என் வீட்டுப் பியூஸ் போய்விடும். இரண்டு தடவை பேசாமல் மாற்றினேன். மூன்றாம் தடவை செய்தி கேட்கிற நேரம் பியூஸ் போய் ரேடியோவும் நின்றது. சண்டைக்காலம், நாளைக்கு ஊரடங்கா, ரோட்டால் போகலாமா என்று செய்தியைக் கேட்டுத்தான் தெரிய வேண்டும். வேலியடிக்குப் போய்க் கத்தினேன்.

"உது கேத்திலோ, இரும்பு உலையோ? பல்புக்குத்தானே வயர் தந்தனான்!"

விடிய அவர் வயரைச் சுருட்டிக்கொண்டு வாசலில் நின்றார். "அண்ணை, உங்கட வயர்." அவ்வளவுதான். திரும்பிப் போய்விட்டார்.

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. கேத்திலைத்தானே ஏசினேன், வயரைக் கழற்று என்றா சொன்னேன்? அன்று இரவு அந்த வீட்டில் குப்பி விளக்கு. என் மனைவி விடவில்லை. "பச்சைப்பிள்ளை இருக்கிற வீட்டை இருட்டாக்கிப்போட்டியள். இப்ப செய்தி நல்லாக் கேக்குதோ?"

மறுநாள் பஸ் பிடித்து யாழ்ப்பாணம் போனேன். கடைக்காரர் பெரிய கேத்தில்களையே தூக்கித் தூக்கி வைத்தார்.

"இதை எடுங்கோ, கெதியாக் கொதிக்கும்."

"எனக்கு மெதுவாக் கொதிக்கிறது தாரும்."

"அப்பிடிக் கேட்டு வந்த முதல் ஆள் நீங்கள்தான்."

ஒவ்வொன்றையும் கவிழ்த்து அடியில் வாட்ஸ் பார்த்தேன். கடைசியில் மேல்தட்டில் தூசி படிந்து ஒன்று கிடந்தது. ஐந்நூறு வாட்ஸ், இரண்டு கோப்பைத் தண்ணீர்தான் பிடிக்கும். வீட்டில் கொழுவிப் பார்த்தேன். லைட் கொஞ்சம் மங்கியது, பியூஸ் நின்றது.

வயரையும் கேத்திலையும் கொண்டுபோனால் அந்த மனிதர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்.

"வேண்டாம் அண்ணை."

"உமக்கு ஆர் தந்தது? பிள்ளை பெத்தவளுக்கு. வயரைக் கட்டும்."

உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல்தான் வந்தது. "குடிக்கப்போறது நான். வாங்கி வையுங்கோ."

வயரைக் கட்டினார், என் முகத்தைப் பார்க்காமல். கேத்தில் கொதிக்கிறதற்குள் எனக்குப் பொறுமை போய்விட்டது. ஆனாலும் முதல் தேத்தண்ணி எனக்குத்தான் வந்தது.

என் வாய் இன்றும் திருந்தவில்லை. ஆனால் யாரையாவது ஏசினால், எதற்கு ஏசினேன், எதற்கு ஏசவில்லை என்று நின்று சொல்லிவிட்டுத்தான் இப்போது வீட்டுக்குத் திரும்புகிறேன்.